தலை முழுகியவர்கள்

அவளை அந்தக் காப்பகத்தில் வேலைக்கு எடுத்தது மொட்டை அடிப்பதற்காக. உத்தரவுக் காகிதத்தில் அப்படி எழுத முடியாது என்பதால் 'சுகாதார உதவியாளர்' என்று எழுதியிருந்தார்கள். மனம் பேதலித்துத் தெருவிலும் பேருந்து நிலையத்திலும் கிடக்கும் பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வண்டி முன்வாசலுக்கு வராது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குளியலறை வாசலில் போய் நிற்கும். உள்ளே ஒரு சிமெண்டுத் தொட்டி, இரண்டு குழாய், ஒரு முக்காலி, சுவரில் ஆணியடித்து மாட்டிய முடிவெட்டும் மெஷின். மெஷினை ஓடவிட்டால் ஐந்து நிமிடம். பேன், ஈர், சிக்கு, நாற்றம் எல்லாம் ஒரு பழைய செய்தித்தாளுக்குள் சுருண்டு வெளியே போய்விடும். பிறகு சோப்பு, பிறகு சீருடை, பிறகு படுக்கை எண்.

முதல் வாரத்தில் நான்கு பேருக்கு அவள் மெஷின் போட்டாள். ஐந்தாவது பெண் முக்காலியில் உட்கார்ந்தபோது மெஷினை ஆணியில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணம் நல்லெண்ணெய் கேட்டாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் அவள் யார் தலையிலும் மெஷின் வைக்கவில்லை. தலையில் புண் புழுத்திருந்தால் நர்ஸே மெஷினை எடுத்து ஓட்டுவார். அப்போது இவள் வெளியே போய்த் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நின்றுகொள்வாள்.

உள்ளே இருந்த பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் எண்ணெயக்கா. காப்பகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

அவளை இரக்கமுள்ளவள் என்று சொல்லிவிட்டால் சொல்கிறவருக்கு வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவளிடம் குளித்த யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. கை கடினமான கை. வாய் அதைவிட. "அசையாதடி, உன் தலையில என்ன பொன்னா விளைஞ்சிருக்கு, திருடிட்டு போயிடுவேன்னு பயப்படறே?" என்பாள். கடித்தவர்களைத் திருப்பி அடித்ததும் உண்டு. வீட்டில் புருஷனும் அவளும் ஒருவரோடு ஒருவர் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அந்த வேலையை அவள் கருணையால் செய்யவில்லை. வேறொரு காரணம் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதுமில்லை.

எண்ணெயை அவள் பயன்படுத்திய விதம் தனி. மாதக்கணக்கில் தண்ணீர் படாத உடம்பில் முதல் நாள் எது அழுக்கு, எது தோல் என்று சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து ஒரே பட்டையாக இருக்கும். அதில் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் தோலும் சேர்ந்து கிழியும். அவள் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்து, முழங்கை, கழுத்து மடிப்பு, கணுக்கால் என்று தடவி ஊறவிடுவாள். அரை மணி கழித்து வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றித் துடைப்பாள். முதல் துணி கறுப்பாக வரும். அடுத்தது காவி. நான்காவது துணி எண்ணெயின் நிறத்திலேயே வந்தால் அன்றைக்கு அந்த இடம் முடிந்தது. தலைக்கும் அதே முறைதான், நாள்தான் கூடுதல். பொருக்குகள் ஊறித் தாமாகக் கழன்று வரும்வரை நகத்தால் கிள்ள மாட்டாள். சிக்கு இறுகிப்போன தலைக்கு விளக்கெண்ணெய். அது ஆமை வேகத்தில்தான் உள்ளே இறங்கும், ஆனால் இறங்கிவிட்டால் முடி முடியோடு ஒட்டாமல் நழுவும்.

எண்ணெயைச் சூடாக்க அவள் நாளுக்கு இரண்டு முறை சமையலறைக்குப் போக வேண்டும்.

"இது என்ன அடுப்பா, உன் அழகு நிலையமா?" என்பார் சமையல்காரர்.

"உங்க மண்டைக்கு ஒரு துளி வேணும்னா சொல்லுங்கண்ணே. ஆனா ஒண்ணு, எண்ணெய்தான் போடுவேன், முடிக்கு நான் பொறுப்பில்ல."

நர்ஸுக்கும் அவளுக்கும் தினம் ஒரு தகராறு. "நீ ஊத்துற எண்ணெயில இந்தக் கட்டடமே ஒருநாள் வழுக்கிட்டுப் போய் ரோட்டுல நிக்கப்போகுது பாரு."

"நின்னா நல்லதுதானே சிஸ்டர். போறவங்க வர்றவங்க எல்லாரும் பார்ப்பாங்க. யாருக்காவது அடையாளம் தெரியும்."

நர்ஸ் அதை ஒரு நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

அடையாளம் என்ற அந்தச் சொல்லை அவள் அங்கே வருவதற்கு முன்பே சுமந்துகொண்டிருந்தாள். பெண்களுக்கு முடி திருத்தும் கடையொன்றில் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவளுடைய ஒரே தங்கை பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டு வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச காலமாகவே அவளுக்கு அப்படிக் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. எட்டு மாதம் கழித்து, வேறொரு ஊரில் இதுபோன்ற ஒரு காப்பகத்தில் அவள் மாதிரி ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. அப்பாவும் அண்ணனும் போனார்கள். அண்ணனை வாசல் கேட்டுக்கு அருகில் நிறுத்திவிட்டு அப்பா உள்ளே போனார். திரும்பி வந்து, அவள் அங்கே இல்லை என்றார்.

இரண்டு வருடம் சென்று அந்தக் காப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது ஒரு பெண் தெளிவாக முகவரி சொன்னாள் என்றும், காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்றும், அடக்கம் செய்தாகிவிட்டது என்றும் அதில் இருந்தது. கூடவே அவளைப் பற்றிய குறிப்பேட்டின் நகல். அதில் ஒரு வரி: 'தந்தை என்று ஒருவர் வந்து பார்த்தார், இவர் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.'

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எல்லாருக்கும் மொட்டை அடிச்சு வச்சிருந்தாங்கம்மா. எலும்பும் தோலுமா, ஒரே மாதிரி சட்டை. எல்லாம் ஒரே அச்சு. எனக்கு அடையாளம் தெரியல." அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

அவள் அந்தச் சொல்லை நம்பினாள். நம்பாமல் இருப்பதற்கு இடம் இருந்தது, ஆனால் அந்த இடத்தில் நிற்க அவளால் முடியவில்லை. அப்பாவை ஏமாற்றியது அந்த மொட்டைத் தலை என்று வைத்துக்கொண்டால் குற்றம் ஒரு மெஷினின் மேல் விழும். மெஷினைச் சுவரில் மாட்டிவைத்துவிடலாம். மனிதர்கள் பெரும்பாலும் தங்களால் தாங்க முடிந்த அளவுக்குத்தான் உண்மையைத் தேடுகிறார்கள். அவளும் அப்படித்தான். கடை வேலையை விட்டுவிட்டு இந்தக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

பதினெட்டு வருடம் கழித்து வந்தவள் பாலத்துக்காரி.

மேம்பாலத்துக்குக் கீழே கிடந்தவள் என்பதால் வண்டி ஓட்டுநர் வைத்த பெயர் அது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கலாம். உடம்பு முழுக்க வாகனப் புகை படிந்து தார் பூசியதுபோல் இருந்தாள். தலைமுடி தனித்தனியாக இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்த ஒரே கட்டி. தேங்காய் நாரை நனைத்து மிதித்து வைத்ததுபோல் இடது தோளில் தொங்கியது. உள்ளே காகிதத் துண்டு, குச்சி, ஒரு பிளாஸ்டிக் மூடி. பேன்கள் பகலிலேயே நெற்றியில் இறங்கி நடந்தன.

காப்பகத்தின் மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். கெட்டவர் இல்லை. அறுபது பேருக்கான இடத்தில் தொண்ணூறு பேரை வைத்துக் காப்பவர்.

"வெள்ளிக்கிழமை போட்டோ எடுக்கறவர் வர்றார். காணாமல் போனவங்க பட்டியலுக்கு அனுப்பணும். அதுவரைக்கும்தான் உனக்கு டைம். முடிஞ்சா முடி, முடியலேன்னா மெஷின். அவ்வளவுதான்."

"திங்கக்கிழமைதான் மேடம் இன்னைக்கு. அஞ்சு நாள் இருக்கு."

"அஞ்சு நாள்ல இதைப் பிரிச்சிட்டேன்னா நானே உன்கிட்ட தலையைக் கொடுக்கறேன்."

"உங்களுக்கு இருக்கறது அஞ்சு நிமிஷ வேலை மேடம்," என்றாள் எண்ணெயக்கா. மேடம் பொத்திய கைக்குள் சிரித்தார்.

முதல் நாள் தலையைத் தொடவே விடவில்லை. குழாயைத் திறந்த சத்தத்துக்கே பாலத்துக்காரி சுவரோடு ஒண்டினாள். எண்ணெயக்கா குழாயை மூடிவிட்டுக் கீழே உட்கார்ந்து, ஒரு பாதத்தை மட்டும் மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தடவினாள். வெடிப்புகளுக்குள் கருமை கோடு கோடாக இறங்கியிருந்தது. ஒரு மணி நேரம் அந்த ஒரு பாதம். நான்கு துணி மாறியது. கடைசியில் அந்தப் பாதம் மட்டும் வேறு யாரோ ஒருத்தியுடையதுபோல் வெளுத்துத் தெரிந்தது. பாலத்துக்காரி அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மற்ற காலைத் தானாகவே நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை தலையில் எண்ணெய் இறங்கியது. நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து, வேரிலிருந்து விரலால் ஊட்டி, மேலே பழந்துணி சுற்றி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை. மூச்சுமுட்டிய பேன்கள் அடுத்த நாள் துணியோடு கொட்டின. புதன்கிழமை வால் சீப்பின் முனையால் கட்டியின் அடியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரிக்க ஆரம்பித்தாள். காதுக்குப் பின்னால் ஒரு புண் இருந்தது. அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்கு நர்ஸ் முடியை வெட்டி மருந்து வைத்தார். மற்றது அப்படியே இருந்தது. எண்ணெயக்காவின் இரண்டு கட்டைவிரலும் வீங்கிவிட்டன.

வியாழன் மதியம். மூன்று நாளாக ஒரு சொல்கூடப் பேசாதவளிடம் எண்ணெயக்கா தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஒரு முடிச்சை இழுத்தாள்.

"ஐயோ, வலிக்குதுடி விளக்கெண்ணெய்!"

எண்ணெயக்காவின் கை நின்றது. குனிந்து முகத்தைப் பார்த்தாள். "என்ன சொன்னே?"

"மெதுவா எடுக்கத் தெரியாது? மாட்டுக்கா வாருறே?"

"யாரைடி விளக்கெண்ணெய்ங்கறே? உன் தலையிலதான் அரைப்படி இருக்கு!"

பாலத்துக்காரி தன் உள்ளங்கையைத் தலையில் வைத்துப் பார்த்தாள், பிசுபிசுத்த கையை முகர்ந்தாள், பிறகு சிரித்தாள். பல் எல்லாம் இருந்தது. எண்ணெயக்காவும் சிரித்தாள். அடுத்த படுக்கைக்காரிகள் எட்டிப் பார்க்குமளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு பேச்சு ஒழுகத் தொடங்கியது. கோர்வையாக இல்லை. ஓர் அச்சகத்துக்கு மேலே மாடி வீடு, எப்போதும் மை வாசனை. வாசலில் பச்சைத் தண்ணீர்த் தொட்டி. அம்மா செத்துப்போனது. ஒரு தம்பி.

"தம்பி என்ன பண்றான்?"

"படிப்பான். ராவும் பகலும் படிப்பான். அதான் கண்ணு கெட்டுப்போச்சு. இவ்ளோ தடிமனா கண்ணாடி. நான்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு போவேன்." கழுத்தைத் திருப்பிக் கேட்டாள்: "அவன் வருவானா?"

"போட்டோ போகும். பார்த்தா வருவான்."

"இந்த மூஞ்சியைப் பார்த்தா தெரியுமா அவனுக்கு?"

"அதுக்குத்தான்டி நாலு நாளா உன் தலையோட மல்லுக்கட்டறேன்."

வெள்ளிக்கிழமை காலை கடைசி முடிச்சும் விட்டது. இடுப்புவரை வந்தது முடி. நடுவில் ஒரு கற்றை நரை. வெந்நீரில் அலசித் துவட்டி, நடுவகிடு எடுத்து ஒற்றைப் பின்னலாகப் பின்னி முன்னால் போட்டுவிட்டாள். புகைப்படக்காரர் புதிதாக வந்தவள் எங்கே என்று பாலத்துக்காரியிடமே கேட்டார். மேடம் ஒரு முறை அந்தப் பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

இதைப் பெரிய சாதனையென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தலை சுத்தமானது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுத்தத்தோடு வேறொன்றும் நடந்துவிட்டது. அழுக்கின் அடியில் பாலத்துக்காரிக்கு எதுவும் வலிக்காமல் இருந்தது. இப்போது அவள் காத்திருக்கத் தொடங்கினாள். தினம் காலையில் தானே வந்து முக்காலியில் உட்கார்ந்து, "பின்னிவிடு, இன்னைக்கு வந்தாலும் வருவான்," என்றாள். கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கெல்லாம் ஜன்னலுக்குப் போனாள்.

ஐந்தாவது வாரம் தம்பி வந்தான்.

ஐம்பதை நெருங்கும் மனிதர். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் என்று சொன்னார். தடித்த கண்ணாடி. கையிலிருந்த உறையில் ஒரு பழைய படம் கொண்டுவந்திருந்தார். அதில் நடுவகிடு எடுத்து ஒற்றைப் பின்னல் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மேடத்தின் மேஜையில் படத்தை வைத்தபோது அதன் மடங்கிய முனையை அவர் விரலால் நீவி நேராக்கியதை எண்ணெயக்கா பார்த்தாள். தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறார். அவளே ஓடிப்போய்ப் பாலத்துக்காரியின் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

வாசற்படியிலேயே பாலத்துக்காரி நின்றுவிட்டாள். முகம் முழுக்க விரிந்தது.

"டேய் சோடாபுட்டி!"

அவர் அவளைப் பார்த்தார். நெற்றி, வகிடு, தோளில் கிடந்த பின்னல், அதன் நுனி. ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த படத்தை எடுத்து உறைக்குள் வைத்தார்.

"இவங்க இல்லீங்க," என்றார்.

"நல்லா பார்த்துச் சொல்லுங்க சார்," என்றார் மேடம். "அவங்க உங்களைக் கூப்பிடறாங்களே."

"எல்லாரையும் அப்படிக் கூப்பிடுவாங்களா இருக்கும். எங்க அக்கா இவங்க இல்ல. எங்கே எழுதிக் கொடுக்கணும்?"

பாலத்துக்காரி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். விளையாடுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளைத் தாண்டி வெளியே போனபோதுதான், "டேய்," என்று ஒரு முறை மெதுவாகச் சொன்னாள்.

எண்ணெயக்கா வெளிக்குழாயடியில் அவரைப் பிடித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டிருந்தார்.

"அது உங்க அக்காதான்."

அவர் நிமிரவில்லை.

"பொய் சொல்லாதீங்க. பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு உங்களுக்கு. நான் உங்க கண்ணைப் பார்த்துட்டுதான் இருந்தேன்."

"ஏங்க கத்தறீங்க, கேக்கப்போகுது," என்றார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. "பதினோரு வருஷம் ஆச்சுங்க. செத்துட்டான்னு சொல்லி வீட்டுல எல்லாரும் எப்பவோ தலை முழுகியாச்சு. என் பொண்டாட்டி, என் பிள்ளைங்க எல்லாருக்கும் பெரியத்தை செத்துட்டாங்க. பொண்ணுக்கு இப்பதான் ஒரு நல்ல இடத்துல பேசிட்டு இருக்கோம். இப்போ உயிரோட கூட்டிட்டு போய் நான் என்னன்னு சொல்றது?"

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், கண்ணாடியை மாட்டினார்.

"இருக்காளா இல்லையான்னு பார்க்கத்தான் வந்தேன். பார்க்காம இருக்க முடியல." பிறகு சொன்னார்: "நீங்கதான் பார்த்துக்கறீங்களா? நல்லா வச்சிருக்கீங்க. முடியெல்லாம் அப்படியே இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி இடத்துல மொட்டை அடிச்சிருப்பாங்கன்னு நினைச்சுட்டுத்தான் உள்ள வந்தேன். மொட்டையா இருந்திருந்தா அடையாளம் தெரியலன்னு சொல்லிட்டு போயிருப்பேன். என் மனசும் அதையே நம்பியிருக்கும். எனக்குச் சுலபமா போயிருக்கும்."

அவர் போய்விட்டார். குழாய் சரியாக மூடப்படாமல் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெயக்கா அதை மூடவில்லை.

உள்ளே வந்து அந்த ஆள் பொய் சொல்கிறான் என்றாள். "தெரியுது," என்றார் மேடம். "எழுதிக் கொடுத்துட்டாரே. கட்டி இழுத்துட்டு போய் வீட்டுல விட்டுட்டு வரவா? விட்டா வச்சுக்குவாங்களா?" குறிப்பேட்டைத் திறந்து எழுதினார். எண்ணெயக்கா நின்ற இடத்திலிருந்தே அந்த வரியைத் தலைகீழாகப் படிக்க முடிந்தது. அந்த மாதிரி வரியை அவள் ஏற்கெனவே ஒரு முறை படித்திருந்தாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் ஒரு துணிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர், பேச்சு குறைவு.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். தங்கச்சியைப் பார்க்கப் போனீங்களே, அன்னைக்கு அப்பா உள்ள எவ்வளவு நேரம் இருந்தார்?"

"என்ன திடீர்னு?"

"சொல்லு."

"என்ன, ஒரு அஞ்சு நிமிஷம். போனார், வந்தார்."

"நீ வாசல் கேட்டுப் பக்கம்தானே நின்னே. ஏதாவது கேட்டுச்சா?"

அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தை யாரோ குறைப்பது கேட்டது.

"அப்பான்னு யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு," என்றார். "அங்க இருக்கறவங்க யாரைப் பார்த்தாலும் அப்படித்தானே கூப்பிடுவாங்க."

"நீ உள்ள போய்ப் பார்க்கலையா?"

"அப்பா வா போகலாம்னார். வந்துட்டேன்."

"இத்தனை வருஷமா ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே," என்றார் அண்ணன்.

அது உண்மைதான். அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதினெட்டு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கும் ஒன்றைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் அவ்வளவு எண்ணெயைச் சூடாக்கினாளோ என்று யாராவது கேட்கலாம். அப்படிக் கேட்பது நியாயமில்லை. பொய்யான காரணத்துக்காகச் செய்த வேலை பொய்யாகிவிடுமா என்பது படித்தவர்கள் சாவகாசமாக வாதாட வேண்டிய விஷயம். அவளுக்கு அன்று தெரிந்தது இவ்வளவுதான்: மெஷினின் மேல் போட்டிருந்த பழி அத்தனையும் ஒரே நாளில் அப்பாவின் மேல் வந்து விழுந்தது, அவரைத் திட்டக்கூட ஆள் இல்லை.

நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. புருஷன் என்னவென்று கேட்டான். கட்டைவிரல் வலி என்றாள். அவன் எழுந்து போய் வலித்தைலத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

ஐந்தாம் நாள் போனபோது நர்ஸ் வழியிலேயே நிறுத்தினார்.

"உன் ஆளைப் போய்ப் பாரு. நாலு நாளா சீப்பைத் தொட விடல. பக்கத்துக் கட்டில் பேன் முழுக்க இப்ப அவ தலையிலதான். மறுபடியும் சிக்கு விழ ஆரம்பிச்சிருச்சு. மேடம் மெஷின் போட்டுடச் சொல்லிட்டாங்க. நீ வர்றவரைக்கும்னு நான்தான் தள்ளிப் போட்டு வச்சிருக்கேன்."

பாலத்துக்காரி கட்டிலில் இல்லை. பின்பக்கக் குளியலறையில், முக்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மெஷின் இருந்தது. ஆணியிலிருந்து அவளே எடுத்திருக்கிறாள். ஒயரைச் சுற்றி ஒழுங்காக வைத்திருந்தாள்.

"எடுத்துடு," என்றாள்.

எண்ணெயக்கா எதிரில் உட்கார்ந்தாள்.

"அவன் என்னைப் பார்த்தான்ல?"

"பார்த்தான்."

"தெரிஞ்சுதா அவனுக்கு?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருடம் கழிந்துவிட்டது, கண்ணாடி மாற்றியிருக்கிறான், பார்வை போதவில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லப்பட்ட ஒன்றின் மேல்தான் எண்ணெயக்கா தன் பாதி வாழ்க்கையைக் கட்டியிருந்தாள். அது எவ்வளவு வசதியான தூக்கத்தைத் தரும் என்று அவளுக்குத் தெரியும்.

"தெரிஞ்சுது," என்றாள்.

பாலத்துக்காரி தலையை ஆட்டினாள். அழவில்லை. நகத்தால் உச்சந்தலையைச் சொறிந்தாள். சொறிந்த இடத்தில் இரத்தம் கசிந்தது.

"அப்புறம் யாருக்கு இதெல்லாம்? எடுத்துடுன்னு சொல்றேன்ல."

எண்ணெயக்கா மெஷினைக் கையில் வாங்கினாள். நெடுநேரம் வைத்திருந்தாள். நர்ஸ் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பதினெட்டு வருடம் மற்ற பெண்களின் தலைமுடியை வரப்போகிற யாரோ ஒருவருக்காகவே காப்பாற்றி வைத்தவள் அவள். இது உன் முடி, உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவர்களில் ஒருத்தியைக்கூட ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது ஒருத்தி கேட்காமலே சொல்கிறாள்.

"எல்லாத்தையும் எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும்."

"இந்தப் புண்ணு மேல மெஷின் ஓட்டினா கிழிச்சிடும். மண்டை பூரா சொறிஞ்சு வச்சிருக்கே. எண்ணெய் வச்சு ஊறட்டும். நாளைக்கு எடுக்கிறேன்."

"நாளைக்கு ஏமாத்த மாட்டியே?"

"மாட்டேன்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சமையல்காரர் அடுப்பை விட்டு விலகி வழிவிட்டார். கிண்ணத்தோடு திரும்பி வந்து, பாலத்துக்காரியின் தலையைத் தன் முழங்காலில் சாய்த்து, பொருக்குகளின் மேல் விரல் நுனியால் எண்ணெயை வைத்தாள்.

"எரியுதா?"

"இல்ல."

மறுநாள் காலை, பேன் செத்துப் பொருக்கு இளகியிருந்த தலையில், எண்ணெயக்கா மெஷினை ஓட்டினாள். முன்னே பழகிய கைதான். ஆனாலும் ஐந்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இடையில் ஒரு முறை நிறுத்திவிட்டு வெளியே போய்த் துணிக் கம்பிக்குக் கீழே நின்றுவிட்டு வந்தாள். முடித்ததும் வெந்நீர்த் துணியால் மண்டையைச் சுற்றிலும் ஒற்றித் துடைத்தாள். துணி எண்ணெயின் நிறத்திலேயே வந்தது.

பாலத்துக்காரி இரண்டு கையாலும் தன் தலையைத் தடவிப் பார்த்தாள், முன்னிருந்து பின்னாக, பின்னிருந்து முன்னாக.

"குளிருது," என்றாள்.

எண்ணெயக்கா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தத் தலையில் சுற்றிவிட்டாள்.